தடித்த கோண எழுத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதிப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு இது 60-ஆவது ஆண்டு. கனடாவிலுள்ள பழைய உறுப்பினர் ஒருவர் கழகத்தின் பெயரை ஆங்கிலத்தில், தடித்த, மூலைகள் வெட்டப்பட்ட, வளைவே இல்லாத எழுத்தில் வடிவமைத்து அனுப்பியிருக்கிறார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதே பாணியில் தமிழும் வேண்டுமென்று ஒரு ஸ்டிக்கர் கடையில் கொடுத்தீர்கள். வந்ததை யாராலும் வாசிக்க முடியவில்லை. ‘இந்த எழுத்து தமிழுக்குப் பொருந்துமா, ஜேர்சி, கொடி, வாயில் வளைவு, ஆண்டு மலர் எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் வேறொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. சுழித்துச் சுழித்துப் போகும் நம் எழுத்தை நேர்கோட்டால் மட்டுமே எழுதினால் அது தமிழாக நிற்குமா என்பதுதான் அது. முதலில் அதைப் பார்ப்போம். (தம்பி என்று அழைத்துவிட்டேன், வயதில் மூத்தவரென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் எழுத்துரு வடிவமைப்பாளன் அல்லன். பதினாறு வயதில் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கப் பழகினேன். பிறகு தூரிகை பிடித்துக் கடைப் பெயர்ப்பலகைகள் எழுதினேன். இப்போது மகனுடைய பதாகைக் கடையில் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தகரத்திலும் துணியிலும் சுவரிலும் எழுத்து எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்ல முடியும். கைத்தொலைபேசித் திரையில் எது நன்றாக வாசிக்கும் என்று கேட்டால் என் மகனிடம்தான் அனுப்புவேன்.

நீங்கள் அனுப்பிய ஆங்கில எழுத்தை ‘சான்ஸ் செரிஃப்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். செரிஃப் என்பது ரோமன் எழுத்தில் கோடு முடியும் இடத்திலுள்ள சிறு பாதம். அது இல்லாத அச்செழுத்து முதன்முதலாக வெளிவந்தது லண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லனின் 1816-ஆம் ஆண்டு மாதிரி நூலில். அதுவும் பேரெழுத்துகள் மட்டும். தமிழில் அந்தப் பாதமே கிடையாது. ஆகவே ‘தமிழ் சான்ஸ் செரிஃப்’ என்ற பெயர், கண்டிப்பாகப் பார்த்தால், கொம்பில்லாத குதிரை என்பதைப் போன்றது. தமிழில் உள்ள வேறுபாடு கோட்டின் தடிப்பில் இருக்கிறது. நான் கோத்த ஈய எழுத்துகளில் கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மயிரிழையாக மெலியும். இக்காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் முழுக்க ஒரே தடிப்பு. உங்கள் ஆங்கில எழுத்தோடு அருகருகே நிற்கத் தகுந்தது இந்த இரண்டாவது வகை.

கோணம் என்பது அதற்குமேல் வரும் குணம். ஜெர்மனியில் ருடால்ஃப் கோக் 1923-இல் வெளியிட்ட ‘நோய்லாண்ட்’ எழுத்துருவை முன்கூட்டி வரையாமல் உலோகத்திலேயே நேராக வெட்டினார்; கருவி போன தடம் அப்படியே கோணமாக நிற்கிறது. அமெரிக்காவில் 1970-இல் வந்த ‘மெஷின்’ எழுத்துருவில் வளைவு ஒன்றுகூட இல்லை. ஆங்கில ‘ஓ’ நீட்டி வைத்த எண்கோணம். விளையாட்டுச் சட்டைகளில் காணும் எழுத்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கம்பளித் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டித் தைப்பவருக்கு வளைவைவிட நேர்வெட்டு எளிது. படகின் பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டி எண் எழுதுபவருக்கும் அப்படியே. வேலை செய்யும் கையும் கருவியும் கொடுத்த வடிவம் என்பதால் உழைப்பு, உடல்வலிமை, இயந்திரம் ஆகியவற்றின் வாசம் இந்த எழுத்தில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இது சிரமமின்றிக் கைகூடுகிறது. 26 பேரெழுத்துகளில் 15 எழுத்துகள் ஏற்கெனவே நேர்கோட்டால் ஆனவை. மீதி 11 எழுத்துகளின் மூலைகளை வெட்டினால் வேலை முடிந்தது.

தமிழில் அப்படித் துணிந்து சொல்லக்கூடியவை ட, ப, பிறகு அரவு (தமிழ்நாட்டில் துணைக்கால் என்பார்கள்), அவ்வளவுதான். ங, ய, ம, ர ஆகியவை பாதி இணங்கும். இ, ஐ, ஞ, ண, ழ, ஜ ஆகியவற்றிடம் கோணத்தைக் கொண்டுபோனால் சண்டைக்கு வரும். இதற்குக் காரணம் பனையோலை என்று பலரும் சொல்வார்கள். எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் ஓலை நரம்போடு கிழியும், அதனால் தமிழ் உருண்டது என்பது கதை. பனங்காட்டு ஊரில் பிறந்த எனக்கு அந்தக் கதையில் ஆசை உண்டு, ஆனால் முழுதாக நம்பவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் ஓலையில் எழுதிய பிறகும் ப, ட, ம, ய ஆகியவற்றின் கிடைக்கோடுகள் கிழியாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றனவே. ஓலை ஒரு காரணமாக இருக்கலாம். வேகமாக எழுதும் கையின் பழக்கமும் சேர்ந்திருக்கலாம். ஐயமில்லாதது ஒன்று உண்டு: தொடக்கத்தில் நம் எழுத்து கோணமாகத்தான் இருந்தது. பாறைகளிலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் பெரும்பாலும் நேர்கீறல்கள். யாழ்ப்பாண நகரத்துக்கு அருகிலுள்ள ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த சிறு முத்திரையில் இருப்பதும் பிராமி எழுத்தே. ஆகவே ‘தமிழுக்குக் கோணம் அந்நியம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். இன்று வாசிப்பவனின் கண் பழகியிருப்பது சுழிக்கு, அவ்வளவுதான் விடயம்.

இப்போது தாளை எடுத்து ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதிப் பாருங்கள். நான் எந்த எழுத்துருவையும் சோதிப்பது இந்தச் சொல்லால்தான். யா, ப், பா மூன்றும் கம்பி வேலிபோல நேராக நிற்கும். ழ், ண இரண்டும் நடுவே சுழிக்கும். ம் இரண்டுக்கும் சமாதானம் செய்யும். போதாததற்கு மூன்று குற்றுகள் (மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளிகள்), இரண்டு அரவுகள். நம் ஊரின் பெயருக்குள்ளேயே உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தக் கடைக்காரர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அகலப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்து, தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் அதே பெட்டிக்குள் திணித்திருக்கிறார். ப அந்தப் பெட்டியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. மூன்று சுழி ண மூச்சுமுட்டிச் சாகிறது. அதன் உள்வெளிகள் அடைபட்டு, கறுப்புச் செங்கல்லாகிவிட்டது.

கோணத்தில் எழுதும்போது எவை கெடும் என்பதை ஒரு வெல்டிங் கடையின் பலகையில் நான் கற்றேன். கடைக்காரர் ‘இரும்பு மாதிரி எழுத்து வேண்டும்’ என்றார். ‘கேற் வேலை’ (கேற் என்றால் வாயில் கதவு) என்று மூலைமூலையாக எழுதிக் கொடுத்தேன். நெடில் கொம்பின் சுழியை நேர்கோட்டாக்கி அடைத்துவிட்டேன். வீதியின் மறுபுறம் நின்று பார்த்தால் ‘கெற் வெலை’. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, ‘வெலை என்று போட்டிருக்கிறீர், எத்தனை ரூபாய் என்று போடவில்லையே’ என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் என் செலவில் திரும்ப எழுதினேன்.

அதே தவறு வேறு இடங்களிலும் காத்திருக்கும். ‘வி’யையும் ‘வீ’யையும் பிரிப்பது மேலே வளையும் கோட்டின் (விசிறி என்போம்) நுனியிலுள்ள சிறு சுழி மட்டும், அது அடைபட்டால் உங்கள் வீரர்கள் ‘விரர்’களாகிவிடுவார்கள். ‘ர’வையும் அரவையும் பிரிப்பது கீழே சரிந்த சிறு கால், அழகுக்காக அதை வெட்டினால் இரண்டும் ஒன்று. ‘எ’யிலிருந்து ‘ஏ’யைப் பிரிப்பதும் அப்படியொரு கீழ்க்கீறல்தான். ன, ண இரண்டிலும் சுழிகளை எண்ண முடிய வேண்டும். குற்று எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். இவையெல்லாம் என் ரசனை சார்ந்தவை அல்ல. எழுத்தின் அடையாளமே இவற்றில்தான் நிற்கிறது.

ஆகவே உங்கள் கனடா நண்பருக்கு நான் சொல்லச் சொல்வது: சுழியை உடைக்காதீர்கள், முனையை வெட்டுங்கள். கோடு தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் ஆங்கில எழுத்தில் வெட்டியிருக்கும் அதே சாய்வில் வெட்டலாம். ப, ய, ம, அரவு ஆகியவற்றின் தோள்களை அதே அளவுக்குச் சீவலாம். சுழியின் வெளிவிளிம்பைக்கூடச் சற்றுச் சதுரமாக்கலாம். உள்ளிருக்கும் வெளியை மட்டும் திறந்தே வையுங்கள். ண, ஞ, ஐ போன்றவற்றுக்குப் பெட்டியை அகலமாக்கி, கோட்டின் தடிப்பைச் சிறிது குறைக்க வேண்டும். அளவுகோலால் அளந்தால் தடிப்பு வேறுபடும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டு தடித்த கோடுகள் சந்திக்கும் மூலையில் கறுப்புத் திரளும், அங்கே உள்பக்கமாகச் சிறு வெட்டு கொடுத்தால் தெளியும். ‘யாழ்ப்பாண’த்தில் யா, ப், பா மூன்றும் கோணத்தைத் தாங்கிக்கொண்டால், ழ் அதன் வாலோடும் ண அதன் சுழிகளோடும் நின்றாலும் முழுச் சொல்லும் கோணமாகவே கண்ணில் படும்.

புதிதாக வரைய ஆளில்லையென்றால் இருக்கும் எழுத்துருக்களில் தேடலாம். ஏக் டைப் நிறுவனத்தின் ‘அனேக் தமிழ்’ தடிப்பு, அகலம் இரண்டையும் கூட்டிக் குறைக்க இடம்தருவது. அதன் வளைவுகள் கொஞ்சம் சதுரச் சாயல் கொண்டவை, உங்கள் ஆங்கிலத்துக்கு அருகில் வரும். ‘கட்டமரான்’ (Catamaran) என்ற எழுத்துருவில் ஒன்பது தடிப்புகள் உண்டு, ஆனால் உங்கள் வேலைக்கு அது மென்மை. கொழும்பு மூனியாக் குழுவின் ‘போஸ்ட் நோ பில்ஸ்’ எழுத்துருவின் தமிழ்ப் பதிப்புக்கு ‘ஜஃப்னா’ என்றே பெயர். தகரத்தில் துளைவெட்டி மை பூசிய தோற்றம் அதற்கு. கழகத்தின் பெயருக்கு விளையாட்டுத்தனமாக இருக்கும். போட்டி அறிவித்தலுக்கு அருமை. மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை என்பதால் பணம் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் ஊர் அச்சகங்களில் இன்னும் பலர் வைத்திருக்கும் அலங்கார எழுத்துகள் யூனிகோடுக்கு முந்திய பாமினி முறையில் அமைந்தவை. யூனிகோடில் தட்டிய பெயரை அதில் போட்டால் குப்பையாக வரும், மாற்றித்தான் போட வேண்டும்.

இரண்டு குறுக்குவழிகளைத் தவிருங்கள். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் தடிப்புப் பொத்தானை அழுத்தினால் கணினி வெறுமனே சுற்றிலும் மையை வீங்கச் செய்யும். முதலில் அடைபடுவது சுழி. இடம் போதவில்லையென்று பக்கவாட்டில் நெரித்தால் நிற்கும் கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கும், எழுத்து பட்டினி கிடந்தவனைப் போலத் தெரியும். ‘விளையாட்டுக் கழகம்’ நீளமான பெயர்தான். அதற்கு வழி நெரிப்பது அல்ல, இரண்டு வரியாக்குவது. அப்போதும் மேல்வரியில் ‘ட்டு’வின் கீழ்ச்சுற்றும் கீழ்வரியில் ‘ம்’மின் குற்றும் மோதாமல் இடைவெளி விடுங்கள், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது.

எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதற்கு என் பதில் சுருக்கமானது: உரத்துக் கூப்பிட வேண்டிய இடத்தில் மட்டும். ஜேர்சி, கொடி, மைதானத்துப் பதாகை, வெற்றிக் கிண்ணத்தின் அடித்தட்டு, இவற்றில் போடுங்கள். ஊரில் வெல்டிங் கடை, உடற்பயிற்சிக்கூடம், மோட்டார் சைக்கிள் திருத்துமிடம் ஆகியவற்றுக்கு இந்த எழுத்து பிறவிப் பொருத்தம். முன்பள்ளிக்கும் சேலைக் கடைக்கும் வேண்டாம். ஆண்டு மலரில் அட்டைக்கும் பகுதித் தலைப்புகளுக்கும் போதும். உள்ளே கட்டுரையை இதில் போட்டால் மூன்றாம் வரியில் வாசகர் மலரை மூடிவிடுவார். மறைந்த உறுப்பினர்களுக்கான அஞ்சலிப் பக்கத்தில் கட்டாயம் வேண்டாம். கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் இப்போது தேர்தல் சுவரொட்டி எழுத்தைப் போடுகிறார்கள். செத்த வீட்டில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதுபோல இருக்கிறது எனக்கு. மகன் ‘வாடிக்கையாளர் கேட்கிறார்’ என்கிறான். இருவருக்கும் இதில் ஒத்துப்போனதில்லை.

மலருக்கு இன்னொரு யோசனை. கழகம் தொடங்கிய காலத்துப் படத்தில் பெயர்ப்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாக வந்தது 1978-இல். அது நம் பக்கம் பழகப் பின்னும் காலமெடுத்தது. ஆகவே அந்தப் பலகையில் ‘விளையாட்டு’ என்பதிலுள்ள ளை பழைய வடிவத்தில், யானைத் தும்பிக்கையோடு இருக்க வேண்டும். உள்முகப்பில் அதை அப்படியே எடுத்துப் போட்டு, வெளி அட்டையில் கோண எழுத்தைப் போடுங்கள்.

வாயில் வளைவில் சிங்களமும் சேர்ப்பதென்றால் வேலை இரட்டிப்பு. அரச பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நடுவிலிருக்கும் தமிழ் மேலேயுள்ள உருட்டுக்கும் கீழேயுள்ள நேர்கோட்டுக்கும் இடையில் நிற்கிறது. சிங்களத்தைக் கோணமாக்கும் தகுதி எனக்கில்லை; அந்த மொழியில் பலகை எழுதிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். மூன்றுக்கும் கோட்டின் தடிப்பை மட்டும் ஒன்றாக வைத்தாலே ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும்.

அளவு கேட்டிருந்தீர்கள். பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது ஆங்கிலப் பேரெழுத்தை வைத்துச் சொன்னது. தமிழுக்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். இது என் பழக்கம்தான், யாரும் அளந்து சொன்னதல்ல. உங்கள் வளைவுக்கு முன்னால் வீதியின் மறுகரையில் நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வீயா வியா என்று தடுமாறினால் எழுத்தைத் திருத்துங்கள், பெரிதாக்காதீர்கள்.

ஜேர்சியில் சூடேற்றி ஒட்டும் எழுத்தானால் கூரிய முனைகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மழுக்கச் சொல்லுங்கள். முனை கூராக இருந்தால் நாலு தோய்ச்சலில் அங்கேதான் முதலில் உரியத் தொடங்கும். எங்கள் வெயிலில் வாகன ஸ்டிக்கருக்கும் அதே கதி. எண்களைத் தனியே சோதியுங்கள். பருத்தித்துறை பஸ் தூரத்தில் வரும்போது 750 என்ற எண்ணைத்தான் முதலில் காண்கிறோம், ஊர்ப்பெயர் பிறகு. மைதானத்திலும் அப்படியே. எண்கோண எழுத்தில் 6, 8, 9 மூன்றும் அண்ணன் தம்பிகள். அவற்றின் வாயை அகலத் திறந்து வைத்தால்தான் மத்தியஸ்தர் சரியான ஆளுக்கு அட்டை காட்டுவார்.

கடைசியாக, முதுகில் வீரர்களின் பெயரைத் தமிழில் போடலாமா என்ற கேள்வி. போடுங்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. சிக்கல் உங்கள் கோல்காப்பாளர்தான். ‘பாலசுப்பிரமணியம்’ என்பதைத் தடித்த கோண எழுத்தில் முதுகுக்குள் அடக்க வேண்டுமென்றால் எழுத்து ஓர் அங்குலத்துக்கும் குறையும். மைதானத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் பட்டி. வீட்டில் அவரை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘பாலா’ என்றால், ப, அரவு, ல, அரவு. இந்த எழுத்துக்கென்றே வைத்த பெயர்.